மூன்று பெட்டி வாங்கியும் ஓடாத பைக்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் என் கராஜுக்கு பைக் கொண்டுவந்தார். 150 சிசி, காபரேற்றர் வண்டி. பின் இருக்கை கழற்றியாகிவிட்டது, மீற்றருக்குப் பக்கத்தில் கியர் மாற்றும் நேரத்தைக் காட்டும் சிவப்பு ஷிஃப்ட் லைட், முன்னால் இரண்டு ஃபொக் லைட். தோளில் ஒரு பை. பையைத் திறந்து மூன்று ரேசிங் சிடிஐ பெட்டிகளை, அதாவது ஸ்பார்க் எப்போது விழவேண்டும் என்று தீர்மானிக்கும் பெட்டிகளை, என் மேசையில் வரிசையாக வைத்தார்.

“அண்ணன், மூணும் மாத்திப் பாத்தாச்சு. அஞ்சாயிரத்துக்கு மேல ஏறுதில்ல. நாலாவது ஒண்டு கொழும்பில சொல்லி வச்சிருக்கன்.”

நாலாவதை நிறுத்தச் சொன்னேன்.

மோட்டார் சைக்கிள் வயரிங்தான் என் தொழில். முன்பெல்லாம் ஹோர்ன் அடிக்கவில்லை, பற்றரி இறங்குகிறது என்று வருவார்கள். இப்போது வருவதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வாங்கிப் பூட்டிய பெட்டிகளின் வழக்கு. ரேசிங் சிடிஐ, கிளச் பிடிக்காமலே கியர் மாற்ற ஸ்பார்க்கை ஒரு கணம் வெட்டும் குவிக் ஷிஃப்டர், டூ ஸ்டெப், அலாரம், எல்ஈடி ஃபிளாஷர். பூட்டியவர் ஒருவர், பழுது பார்ப்பவர் இன்னொருவர், வயரின் நிறமோ யாருக்கும் தெரியாது. பாதிப் பேர் சிவப்பு வயர் தீர்ந்துபோனதால் பச்சையில் பொசிற்றிவ் இழுத்திருப்பார்கள்.

இந்தச் சாமான்கள் எல்லாம் வெளிநாட்டு டிராக் ரேஸிலிருந்து, அதாவது நேர்கோட்டில் குறுகிய தூரம் பாயும் பந்தயத்திலிருந்து, வந்தவை. அங்கே கால் மைல், அதாவது 402 மீற்றர். பெரிய வகுப்பு பைக்குகள் அந்தத் தூரத்தை ஏழு வினாடிக்குள் முடித்துவிடும். அவற்றில் பலவற்றுக்கு, ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்டர்நேற்றரே கிடையாது. 16 வோல்ட் பற்றரி ஒன்றை சார்ஜ் ஏற்றிப் பூட்டுவார்கள், ஓடி முடிந்ததும் கழற்றி மறுபடி சார்ஜ் போடுவார்கள். எஞ்சின் ஓடுவதே சில நிமிடம். வயர் குறைவு, ஒவ்வொரு எர்த்தும், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வழியும், நேரே பற்றரிக்குப் போகும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஒருவர் குனிந்து பார்ப்பார். அப்படிப்பட்ட வண்டிக்கு என்று உருவான யோசனையை, மழையில் நனைந்து, மீன் கூடை ஏற்றி, உப்புக்காற்றில் நிற்கும் நம் வண்டியில் இன்சுலேசன் டேப் சுற்றிப் பூட்டுகிறோம். பெட்டி சரியாகத்தான் இருக்கும். அது வந்து சேர்ந்த வீடு சரியில்லை.

சரி, தம்பியின் பைக்குக்கு வருவோம். ஸ்டார்ட் பண்ணினால் ஒரே உதையில் பிடிக்கிறது. ஐட்ல் சுத்தம். அக்சிலேற்றரை முறுக்கினால் நிமிடத்துக்கு 5,000 சுற்று வரை ஓடிப்போய், அங்கே சுவரில் முட்டியதுபோல் நின்று, சைலன்சரில் பட்பட் என்று வெடிக்கிறது. இந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. பெற்றோல் போதாமல் திணறுகிற எஞ்சின் இழுத்து இழுத்துச் சோரும். பெற்றோல் உள்ளே போய் ஸ்பார்க்கை மட்டும் யாரோ அறுத்தால்தான், எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் போய் இப்படி வெடிக்கும். அதுவும் ஒவ்வொரு முறையும் அதே 5,000இல். பழுது இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது. இது ஒருவர் சொல்லிக்கொடுத்து நடக்கிற வேலை.

“டூ ஸ்டெப் பூட்டியிருக்கா?”

“ஓம். ஆனா அது கிளச் பிடிச்சாத்தானே வேல செய்யும்.”

அதேதான். டூ ஸ்டெப் என்பது கிளச் பிடித்திருக்கும்போது எஞ்சினை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாமல் ஸ்பார்க்கை வெட்டுகிற பெட்டி. ஓட்டுநர் அக்சிலேற்றரை முழுக்க முறுக்கியபடி நிற்பார், கிளச்சை விட்டதும் தடை நீங்கி வண்டி பாயும். கிளச் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைப் பெட்டிக்குச் சொல்வது லீவருக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னச் சுவிட்ச். விரல்நகம் அளவுதான். நான் அதன் வயர் இணைப்பான கப்லரைக் கழற்றி மல்டிமீற்றரைப் பிடித்தேன். கிளச்சைப் பிடித்தாலும் விட்டாலும் ஒரே பதில். ஆணியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே குமிழ் வெளியே வராமல் மணலும் காய்ந்த கிரீஸும் உப்பும் சேர்ந்து ஒட்டிக்கிடக்கிறது. பெட்டியைப் பொறுத்தவரை இந்தத் தம்பி களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்லடி வரை கிளச்சைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

கொன்டாக்ட் கிளீனர் இரண்டு தடவை அடித்து, குமிழைப் பத்து முறை அமுக்கி விட்டேன். வண்டி 5,000 தாண்டியது. தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று பெட்டியையும் ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. முதல் நோய் மாறியதும் அதற்கடியில் ஒளிந்திருந்த இரண்டாவது தலைகாட்டியது. இப்போது 7,500, 8,000 பக்கம் போனால் விட்டு விட்டு மிஸ் அடிக்கிறது. ஒழுங்கில்லை, ஒருமுறை 7,200, மறுமுறை 8,100.

“அப்ப பெட்டியும் பழுதுதானே அண்ணன்?”

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். நான் செய்வது எப்போதும் ஒன்றுதான். கூடப் பூட்டிய பெட்டிகள் எல்லாவற்றையும் கழற்றி, கம்பனி சிடிஐயை மட்டும் போட்டு ஓடிப் பார்ப்பேன். அதில் சரியாக ஓடினால், ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டி ஒவ்வொரு முறையும் ஓடிப் பார்ப்பேன். இரண்டை ஒன்றாகப் பூட்டினால் எது குற்றவாளி என்று தெரியாது. இந்த வண்டியில் கம்பனி சிடிஐ போட்டபோது மிஸ் குறைந்தது, ஆனால் போகவில்லை. ஃபொக் லைட்டை அணைத்தால் முற்றாகப் போனது. லைட்டுக்கும் ஸ்பார்க்குக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் எர்த் ஒன்று.

எர்த்தைச் சோதிக்கப் பலர் மல்டிமீற்றரை ‘பீப்’ சத்தத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அது ஏமாற்றும். இருபது இழை வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சினாலும் பீப் அடிக்கும். வேலை செய்யும்போது சோதிக்க வேண்டும். மீற்றரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பற்றரியின் நெகட்டிவில். சிவப்பு முனை பெட்டிக்குப் போகும் எர்த் வயரில், கப்லரின் பின்பக்கமாக ஊசி விட்டு. திறப்பைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, லைட் எல்லாம் எரியவிட்டு இப்போது பாருங்கள். எர்த் நல்லது என்றால் கிட்டத்தட்ட பூச்சியம். 0.1க்குள் இருந்தால் எனக்குத் திருப்தி, 0.2 தாண்டினால் தேடத் தொடங்குவேன். தம்பியின் வண்டியில் ஐட்லில் 0.3, அக்சிலேற்றரை முறுக்க முறுக்க 1.1 வரை போய்த் துள்ளியது.

14 வோல்ட்டில் 1 வோல்ட் போனால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். பெட்டிக்கு வரும் கரண்ட் மட்டும் பிரச்சினை இல்லை. பிக்கப் கொயில்தான் எஞ்சின் எந்த இடத்தில் சுழல்கிறது என்று பெட்டிக்குச் சொல்வது. அந்தக் கொயிலின் ஒரு முனை எஞ்சினில் எர்த். பெட்டியின் எர்த் அதைவிட ஒரு வோல்ட் மேலே நின்று துள்ளினால், அந்தத் துள்ளலையே சிக்னல் என்று பெட்டி எண்ணிக்கொள்ளும், அல்லது உண்மையான சிக்னலைத் தவறவிடும். ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஸ்பார்க். 8,000 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 133. அதில் பத்துத் தவறினாலே ஓட்டுகிறவருக்கு மிஸ் தெரியும்.

வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். டாங்குக்கு அடியில் ஒரு வளையம், அதை ஃபிரேம் போல்ட்டில் இறுக்கியிருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஃபிரேமுக்குப் புதுப் பெயின்ட் அடித்தபோது அந்த இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். வளையம் பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருந்தது, எஞ்சின் அதிர்ந்தால் அதுவும் அறுந்து அறுந்து ஒட்டும். பெட்டிக்குத் தனியாக ஒரு எர்த் வயரை நேரே பற்றரி நெகட்டிவுக்கு இழுத்தேன். ஃபொக் லைட்டுக்கு வேறு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், வேறு எர்த். மறுகா அளந்தால் 0.03. வாவிக்கரையோரம் ஓடிப் பார்த்தேன், மிஸ் இல்லை.

நம் பக்கத்தில் கெட்ட எர்த்துக்கு அடுத்த பெரிய எதிரி உப்புதான். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிறோம், தப்ப முடியாது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஆறு மாதம் தாங்கினால் பெரிது. வெயிலில் டேப்பின் பசை உருகி வழியும், அந்த வழியால் ஈரம் இறங்கும், செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். அந்தக் களிம்பு இணைப்போடு நிற்காது, உறைக்குள்ளேயே ஊர்ந்து அரை அடி தூரம் போயிருக்கும். வெளியே பார்த்தால் புது வயர். 2024 நவம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகளைக் காயவைத்து ஓட்டிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தவர்கள் அடுத்த வெயில் காலத்தில்தான் என்னிடம் வந்தார்கள். வெட்டும்போது செம்பு பளபளவென்று தெரியும்வரை வெட்டுங்கள். முனையை நசுக்கி இறுக்கி கிரிம்ப் பண்ணி, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூட்டில் சுருங்கும் உறை, போடுங்கள். வயரில் கடித்துக்கொள்கிற அந்தச் சின்ன கிளிப்புகள் காருக்குள்ளே பரவாயில்லை, பைக்கில் வேண்டாம்.

ஹான்டிலைத் திருப்பும்போது மட்டும் நிற்கிற வண்டி என்றால் நேரே கழுத்துப் பக்கம் பாருங்கள், வயர் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருக்கும். சூடானால் மட்டும் நிற்கிறது என்றால் பிக்கப் கொயிலை எஞ்சின் சூடாக இருக்கும்போதே அளந்து பாருங்கள். பல வண்டிகளில் 100 முதல் 300 ஓமுக்குள் இருக்கும். குளிரில் சரியாகக் காட்டி, சூட்டில் உள்ளே அறுந்துகொள்ளும் கொயில்களைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, ஸ்பார்க் பிளக். ரேசிங் பிளக் என்று விற்பவற்றில் சிலவற்றுக்கு உள்ளே மின் இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர் இல்லை. ரெசிஸ்டர் உள்ள பிளக்கின் இலக்கத்தில் பெரும்பாலும் ஓர் ‘ஆர்’ எழுத்து இருக்கும். அது இல்லாத பிளக்கைப் பூட்டி, பிளக் கப்பையும் ரெசிஸ்டர் இல்லாததாக மாற்றினால் வண்டி முழுக்க மின் இரைச்சல். ஷிஃப்ட் லைட் தானே எரியும், டிஜிட்டல் மீற்றர் 12,000 காட்டும், குவிக் ஷிஃப்டர் கால் படாமலே ஸ்பார்க்கை வெட்டும். பிளக் வயரோடு பிக்கப் வயரையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். பிரித்துக் கட்டுங்கள், குறுக்கே போகவேண்டுமானால் நேர்க்குறுக்காகப் போகட்டும்.

அலாரம் பெட்டி பற்றி எனக்குக் கோபமே உண்டு. அதிலுள்ள எஞ்சின் கட் ரிலே ஓடும் வண்டியின் ஸ்பார்க்கைத் தன் கையில் வைத்திருக்கிறது. காத்தான்குடி நானா ஒருவர், மனைவியும் பிள்ளையும் பின்னால் இருக்க, கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வண்டி செத்துப்போனது. பின்னால் பஸ். ஹோர்ன் அடித்தபடி விலகிப் போய்விட்டது, நல்ல காலம். ரிலே கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அன்றே அலாரத்தைக் கழற்றி, “பூட்டுப் போட்டு வைங்க நானா” என்று அனுப்பினேன். அலாரம் வேண்டும் என்பவர்களுக்கு நான் அந்த எஞ்சின் கட் வயரை மட்டும் பூட்டிக் கொடுப்பதில்லை. சத்தம் போடட்டும், அது போதும்.

டூ ஸ்டெப்பையும் வீதிக்கு ஓடும் வண்டியில் நான் பூட்டுவதில்லை. வாகரைப் பக்கம் ஞாயிறு காலையில் இழுத்துப் பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரியும். வீதி நேர்தான், ஆனால் அது மாட்டுக்குத் தெரியாது. பொலிஸுக்கும் அது ரேஸ் மைதானம் இல்லை.

வீட்டில் சோதித்துப் பார்க்கிறவர்களுக்குச் சில வார்த்தை. ஸ்பார்க் பார்க்கிறேன் என்று பிளக் வயரை அந்தரத்தில் விட்டு உதைக்காதீர்கள். போக வழியில்லாத மின்சாரம் ஸ்பார்க் கொயிலையோ பெட்டியையோ உடைத்துக்கொண்டு போகும். பிளக்கை வயரில் மாட்டி, எஞ்சின் உலோகத்தில் தொட வைத்து, பிளக் ஓட்டைக்குத் தூரமாகப் பிடியுங்கள். சிடிஐயிலிருந்து கொயிலுக்குப் போகும் வயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கிறது, எஞ்சின் ஓடும்போது விரலைக் கொண்டுபோகாதீர்கள். ஓடும் எஞ்சினில் பற்றரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் வோல்ட் எகிறி, இருக்கிற எல்லாப் பெட்டியும் ஒன்றாகப் போகும். கிராஷ் பார் வெல்டிங் பண்ணுவதென்றால் முதலில் பற்றரியையும் பெட்டிகளின் கப்லர்களையும் கழற்றிவிடுங்கள்.

தம்பி போகும்போது அந்த மூன்று பெட்டியில் ஒன்றைத்தான் கொண்டுபோனார். மற்ற இரண்டையும் பாதி விலைக்கு நானே வாங்கிக்கொண்டேன். என் மேசை லாச்சியில் இருக்கின்றன, இரண்டும் ஒரு குறையும் இல்லாதவை. சிடிஐ செத்துப்போய்விட்டது என்று யாராவது வந்தால் அதில் ஒன்றை எடுத்துப் பூட்டிக் காட்டுகிறேன். பெரும்பாலும் வண்டி அதிலும் ஓடுவதில்லை. அப்புறம்தான் டாங்கைக் கழற்றச் சம்மதிக்கிறார்கள்.