கடைவீட்டின் பழைய சன்னலைக் கழற்றும் முன்

சிங்கப்பூரில் ஒரு கடைவீடு: கீழே கடை, மேலே வீடு. காலையில் கான்ட்ராக்டர் வருகிறார். மத்தியானத்துக்குள் மேல்மாடியின் மரச் சன்னல்கள் எல்லாம் லாரியில் ஏறிவிடுகின்றன. சாயங்காலம் அலுமினியச் சட்டம் பளபளக்கிறது. பிறகொரு நாள் கடிதம் வருகிறது: அனுமதி இல்லாத வேலை, பழையபடி ஆக்குங்கள். பழையது எப்படி இருந்தது என்று காட்ட வீட்டுக்காரரிடம் ஒரு படம்கூட இல்லை. ஒரே சன்னலுக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறார். இப்படி மாட்டிக்கொள்பவர்கள் சட்டத்தை ஏய்க்க நினைத்தவர்கள் அல்லர். அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

விதி சுருக்கமானது. 1989 முதல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், எமரல்ட் ஹில் என்று வட்டாரம் வட்டாரமாகப் பழைய கட்டடங்கள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. இன்று அவை 7,000க்கும் மேல். அந்த வட்டாரங்களில் கட்டடத்தின் தோற்றத்தை மாற்ற நகர மறுசீரமைப்பு ஆணையமான யூஆர்ஏவின் அனுமதி வேண்டும். இல்லாமல் செய்தால் 2 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

முதல் தடுமாற்றம், "நம்ம வீடு இதில் வருமா?" என்பது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். யூஆர்ஏ ஸ்பேஸ் இணையப் படத்தில் உங்கள் முகவரியைத் தட்டிப் பாருங்கள். வீடு புதிதாகக் கட்டியது என்பதால் தப்பித்துவிட முடியாது. பாதுகாப்பு வட்டாரத்துக்குள் இருக்கும் புதுக் கட்டடத்துக்கும் தனி வரையறை உண்டு. தியோங் பாருவில் போருக்கு முந்திய 20 புளோக்குகள் 2003இல் பாதுகாப்புக்குள் வந்தன. அங்கே அடுக்குமாடி வீடு வைத்திருப்பவர்களும் சன்னல் விஷயத்தில் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

பெரும்பாலோர் விழும் குழி அடுத்தது: "இருந்ததைத்தானே மாற்றுகிறேன்?" முந்தைய உரிமையாளர் மரச் சன்னலை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டிருக்கலாம். அதைக் கழற்றி இன்னோர் அலுமினியம் போட்டால், உங்கள் கணக்கில் அது அதே மாதிரி மாற்றுவது. யூஆர்ஏ கணக்கில் அப்படியில்லை. அங்கே அளவுகோல் அந்தக் கட்டடத்தின் அசல் வடிவம். அசல் சன்னல் இருந்தால் அதைக் காப்பாற்றிப் பழுதுபார்க்க வேண்டும். இல்லாமல் போயிருந்தால், கட்டடத்தின் பாணிக்கு ஒத்த சன்னலைச் செய்து வைக்க வேண்டும். பழைய பாணிக் கடைவீடென்றால் பெரும்பாலும் சாய்பலகை (காற்று வரும்படி சாய்வாக அடுக்கிய பலகைகள்) வைத்த மரச் சன்னல். 1930களின் ஆர்ட் டெகோ கட்டடப் பாணியென்றால் கண்ணாடி பதித்த, மெல்லிய சட்டம் கொண்ட சன்னல். பின்பக்கம் யாருக்குத் தெரியும் என்று நினைப்பதும் ஆபத்து. லிட்டில் இந்தியா போன்ற வரலாற்று வட்டாரங்களில் பின்சுவரும் கணக்கில் வரும்.

வீடு வாங்குபவர்கள் கையெழுத்துப் போடும் முன் சன்னல்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். அனுமதி இல்லாமல் போட்டது விற்றவராக இருந்தாலும், சரிசெய்யச் சொல்லும் கடிதம் இப்போதைய உரிமையாளரைத் தேடித்தான் வரும். வாடகைக்குக் கடை நடத்துபவர், வீட்டுக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஒரு கீலைக்கூடக் கழற்றக் கூடாது.

"நான் அங்கீகாரம் பெற்ற சன்னல் கான்ட்ராக்டர்" என்று அட்டையை நீட்டுவார்கள். அந்த அங்கீகாரம் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, வீட்டுச் சன்னல் வேலைக்கு உரியது. பாதுகாப்பு அனுமதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "யூஆர்ஏ அனுமதிக் கடிதம் எங்கே?"

விண்ணப்பத்தைப் பொதுவாக கியூபி எனப்படும் தகுதிபெற்ற நிபுணர், அதாவது பதிவுபெற்ற கட்டடக்கலைஞரோ பொறியாளரோ, வரைபடத்தோடு அனுப்ப வேண்டும். இங்கேதான் அலைச்சல். ஓர் அலுவலக முகப்பில் வேறோர் அலுவலகத்தைக் கேளுங்கள் என்பார்கள், அங்கே போனால் உங்கள் கியூபியைக் கேளுங்கள் என்பார்கள், கியூபியோ இவ்வளவு சின்ன வேலைக்கு வர யோசிப்பார். தொலைபேசியில் கிடைக்கும் "பரவாயில்லை, செய்யலாம்" நாளைக்கு உதவாது. மின்னஞ்சலில் முகவரி, சன்னலின் படம், செய்யப்போகும் வேலை மூன்றையும் எழுதிக் கேளுங்கள். சாயம் பூசுவதும் உளுத்த பலகையைச் சரிசெய்வதும் பராமரிப்பு. நிலையோடு பெயர்த்துப் புதிது வைப்பது மாற்றம். உங்கள் வேலை எந்தப் பக்கம் என்ற பதில் எழுத்தில் இருக்கட்டும்.

உண்மையில் பாதிச் சன்னல்களை மாற்றவே தேவையில்லை. மழைநீர் தங்கும் அடிச்சட்டமும் கீழ்ச் சாய்பலகைகளும்தான் முதலில் உளுக்கும். மேல்பாதி தேக்கு கல் மாதிரி இருக்கும். திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கும் இடம்வரை வெட்டி எடுத்து, அதே இன மரத்தைச் சாய்வாக ஒட்டுப்போட்டு இழைத்தால் போதும். ஒட்டின் சாய்வு வெளிப்பக்கம் பார்த்து இறங்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் அந்த இடுக்கிலேயே நிற்கும். நிலைக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் சிலிக்கான் அடைப்பதுதான் வழக்கமான தவறு. உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி மரம் மறுபடி உளுக்கும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்றால், பழைய சுவரில் இரண்டு திறப்பு ஒரே அளவில் இருக்காது. ஒவ்வொன்றிலும் அகலம் மூன்று இடத்தில், உயரம் மூன்று இடத்தில், மூலைவிட்டம் இரண்டும் எடுக்க வேண்டும். ஒரே அளவில் எல்லாவற்றையும் செய்துவிட்டு, பொருந்தாததற்குச் சுவரைச் செதுக்கும் ஆட்களை வேலைக்கு வைக்காதீர்கள்.

சிராங்கூன் ரோட்டு இரைச்சலுக்காகவோ ஏர்கானுக்காகவோ மாற்ற நினைப்பவர்கள், வெளிச் சன்னலை விட்டுவிட்டு உள்பக்கம் தெளிந்த கண்ணாடிச் சன்னல் ஒன்று வைக்க முடியுமா என்று கியூபியிடம் கேட்கலாம். அதையும் வரைபடத்தில் காட்ட வேண்டும்.

அரசாங்க மானியம் வாங்கித் தருகிறேன் என்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். தேசிய நினைவுச்சின்னங்களுக்கு ஒரு நிதி உண்டு. தனியார் கடைவீட்டுச் சன்னல் அதில் வராது.

அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு திருகாணியும் கழலக் கூடாது. அதற்குள் ஒவ்வொரு சன்னலுக்கும் எண் எழுதி, உள்ளும் புறமும் படம் எடுத்து வையுங்கள். கழற்றியதை, உளுத்ததாக இருந்தாலும், கீல், தாழ்ப்பாளோடு வேலை முடியும்வரை வீட்டிலேயே வைத்திருங்கள். லாரியில் ஏற்ற விடாதீர்கள்.