நகம் கடிக்கும் விரல் எதைத் தேடுகிறது?

தூக்கம் வரவில்லை என்று சொல்லித்தான் அவர் என்னைப் பார்க்க வந்தார். முப்பதை நெருங்கும் வயது, கணக்குத் தணிக்கை வேலை. பேச்சு முழுக்கத் தூக்கத்தைப் பற்றியே போய்க்கொண்டிருந்தது. என் கண் மட்டும் அவருடைய வலது கட்டைவிரலில் இருந்தது. அது சும்மா இருக்கவில்லை. ஆள்காட்டி விரல் நகத்தின் ஓரத்தை ஒரு தடவை உரசிப் பார்த்தது, நடுவிரலுக்குப் போனது, மோதிர விரலில் வந்து நின்றது. அங்கே ஏதோ சொரசொரப்பு தட்டுப்பட்டிருக்க வேண்டும். அதே இடத்தை நான்கைந்து முறை நெருடியது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் கை எழுந்து வாய்க்குப் போய்விட்டது.

“நகம் கடிக்கிற பழக்கம் உண்டா?” என்று கேட்டேன்.

சட்டென்று கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். “இருந்தது மேடம். விட்டு ரெண்டு வாரம் ஆகுது.”

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கை செய்தது அவருக்கே தெரியவில்லை, அவ்வளவுதான்.

மனநல ஆலோசனை அறையில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்ததில், நகம் கடிப்பவர்களிடமிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: “எனக்கு வைராக்கியம் பத்தாது.” நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. செய்கிறோம் என்று தெரிந்து செய்கிற காரியத்தை நிறுத்தத்தான் வைராக்கியம் வேண்டும். கை வாய்க்குப் போய், நகம் துண்டாகி நாக்கில் பட்ட பிறகுதான் ‘அடடா’ என்று உறைக்கிறது என்றால், வைராக்கியம் எந்த இடத்தில் வந்து தடுக்கும்? அது வருவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

அதனால் முதலில் பார்க்கச் சொல்வது வாயை அல்ல, கட்டைவிரலை. பெரும்பாலானவர்களுக்குக் கதை அங்கேதான் தொடங்குகிறது. விரல் நக ஓரங்களைத் தடவி மேடு பள்ளம் தேடும். நுனியில் ஒரு சின்னப் பிசிறு, ஓரத்தில் உரிந்து நிற்கும் தோல், ஒரு பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் நகம் என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். கிடைத்துவிட்டால் அப்புறம் அதை விட முடியாது. சரிசெய்தே ஆக வேண்டும். பல் வருகிறது, கடிக்கிறது, ஒரு நொடி நிம்மதி. பிறகு விரலை எடுத்துப் பார்த்தால் முன்பைவிடக் கோணலாக இருக்கிறது. அதைச் சமன்செய்ய இன்னொரு கடி. இப்படியே நகக்கண் தெரிகிற வரை போய், ரத்தம் எட்டிப் பார்க்கும்போதுதான் நிற்கிறது.

கவனித்தீர்களா? நகத்தைக் கெடுக்க வேண்டும் என்று யாரும் கடிப்பதில்லை. ஒழுங்காக்கத்தான் கடிக்கிறார்கள். பல்லைப் போல மோசமான நகவெட்டி வேறு இல்லை என்பதுதான் சிக்கல். ஒழுங்காக வெட்டாமல் பிசிறு வைத்துவிட்டுப் போகும். அந்தப் பிசிறைத்தான் அடுத்த பத்து நிமிடத்தில் கட்டைவிரல் மறுபடி கண்டுபிடிக்கும்.

‘பதற்றக்காரர்கள்தான் நகம் கடிப்பார்கள்’ என்று பொதுவாக ஒரு பேச்சு இருக்கிறது. அது பாதி உண்மை. பரீட்சைக்கு முன்னாலும் பரபரப்பான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களிலும் கை வாய்க்குப் போவது எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் என்னிடம் வருபவர்களைக் கேட்டால், ஒன்றும் நடக்காத நேரத்தில்தான் அதிகம் கடிக்கிறார்கள். நீளமான கூட்டம், நகராத வரிசை, கணினியில் ஏதோ இறங்கிக்கொண்டிருக்கும் இடைவெளி, கைக்கு வேலையில்லாமல் எதையாவது படிக்கும் நேரம். 2015-இல் வெளியான மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. நகம் கடிப்பது, முடி பிடுங்குவது, தோல் உரிப்பது போன்ற பழக்கம் உள்ளவர்கள் 24 பேர், இல்லாதவர்கள் 24 பேர். எல்லோரையும் நான்கு வகையான மனநிலைக்குக் கொண்டுபோனார்கள். விமான விபத்துக் காட்சியைக் காட்டிப் பயமுறுத்தினார்கள், கடலலைப் படத்தைக் காட்டி அமைதிப்படுத்தினார்கள், சுலபம் என்று சொல்லிக் கடினமான புதிரைக் கொடுத்து எரிச்சலூட்டினார்கள், ஓர் அறையில் சும்மா உட்கார வைத்துச் சலிப்படைய வைத்தார்கள். பழக்கம் உள்ளவர்களுக்கு அமைதியில் உந்துதல் குறைந்தது, சலிப்பிலும் எரிச்சலிலும் கூடியது.

அந்த ஆய்வு இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது. இந்தப் பழக்கம் உள்ளவர்களிடம் ‘எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும், நேரம் வீணாகக்கூடாது’ என்கிற குணம் தூக்கலாக இருக்கிறது. நம் தணிக்கையாளர் நினைவுக்கு வருகிறாரா? நாள் முழுக்க அடுத்தவர் கணக்கில் பிசிறு தேடுகிற மனிதர். (தணிக்கையாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் மேசையில் இருக்கும் பேனா மூடிகளில் முக்கால்வாசியில் என் பல்தடம் இருக்கிறது.)

மருத்துவத்தில் இதற்கு ‘ஓனிக்கோஃபேஜியா’ என்று பெயர். கிரேக்க மொழியில் நகம் தின்பது என்றுதான் பொருள். 2013-இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூல், உடலையே குறிவைத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களில் ஒன்றாக இதைச் சேர்த்து, எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) பக்கத்து வீட்டில் குடிவைத்திருக்கிறது. அதற்காக நகம் கடிக்கும் எல்லோருக்கும் நோய் என்று அர்த்தமில்லை. நிறுத்த முயன்று முயன்று தோற்று, அதனால் வாழ்க்கையே பாதிக்கப்படும்போதுதான் அந்தப் பெயர் பொருந்தும்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம். பொதுவாக மூன்று நான்கு வயதுக்குப் பிறகு தொடங்கி, பதின்ம வயதில் உச்சத்துக்குப் போய், பிறகு பலருக்குத் தானாகவே குறைந்துவிடும். குடும்பத்தில் பெரியவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஒரு தாய் தன் ஒன்பது வயது மகளைக் கூட்டி வந்திருந்தார். அரை மணி நேரத்தில் “கையை எடு” என்று அவர் எத்தனை முறை சொன்னார் என்று எண்ண ஆரம்பித்து, பத்துக்கு மேல் விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் குழந்தை கையை எடுத்தாள், ஒரு நிமிடத்தில் கை திரும்பிப் போனது. அந்தச் சொல் அவளுக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

“ஒரு வாரம் அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. அதுக்குப் பதிலா எப்போ, எங்க, என்ன செய்யும்போது கை வாய்க்குப் போகுதுன்னு மட்டும் எழுதி வைங்க” என்றேன். அடுத்த வாரம் தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தார். டிவி பார்க்கும்போது, கணக்குப் போடும்போது, தம்பி அவளுடைய பொருளை எடுத்துவிட்டால். “வேற ஏதாவது பார்த்தீங்களா?” என்று கேட்டேன். மகள்தான் முந்திக்கொண்டாள்: “எழுதும்போது அம்மா உதட்டுத் தோலைப் பிச்சுக்கிட்டே இருந்தாங்க.”

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். யார் கையாவது வாய்க்குப் போனால் மற்றவர் பேசாமல் தோளை லேசாகத் தொட வேண்டும், அவ்வளவுதான். திட்டு, அடி, உறவினர் முன்னால் விரலைப் பிடித்துக் காட்டி மானத்தை வாங்குவது இவற்றால் நின்ற பழக்கத்தை நான் பார்த்ததில்லை. ஒளிந்து கடிக்கும் குழந்தைகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

கடிப்பதால் என்ன கெட்டுவிடும் என்றும் கேட்பார்கள். நக ஓரத் தோல் கிழிந்தால் கிருமி புகுந்து நகச்சுத்தி வரும். இரவெல்லாம் விண் விண் என்று தெறிக்கும் வலி. விரலில் மரு இருந்தால் மற்ற விரலுக்கும் உதட்டுக்கும் பரவலாம். நக இடுக்கில் ஒட்டியிருக்கும் நூல்புழு முட்டை வயிற்றுக்குள் போய், குழந்தைகளுக்கு அந்தத் தொல்லை தீராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். முன்பற்களின் நுனி தேயும், சில்லுப் பெயரும், ஈறு புண்ணாகும். பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர்களுக்கு வேரே பாதிக்கப்படலாம். நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். ஆகவே நுனியில் ஏற்பட்ட சேதம் ஆறு மாதத்துக்குள் சரியாகிவிடும். ஆனால் அடித்தோலையும் சேர்த்துக் கடித்து, நகம் முளைக்கும் இடமே காயப்பட்டால் நகம் நிரந்தரமாகக் கோணலாக வளரக்கூடும்.

நேர்மையாக எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சிறுவயதில் விரல் சூப்பிய அல்லது நகம் கடித்த குழந்தைகளுக்கு, 13 வயதில் தோல் பரிசோதனையில் ஒவ்வாமை தெரிவது குறைவாக இருந்தது. ஆனால் ஆஸ்துமாவிலோ ஒவ்வாமைத் தும்மலிலோ வித்தியாசம் இல்லை. இதைக் காட்டி நகம் கடிக்கச் சொல்லும் மருத்துவர் யாரும் இல்லை.

சரி, நிறுத்துவது எப்படி? 1973-இல் நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரு உளவியலாளர்கள் பழக்கத்தைத் திருப்பிவிடும் பயிற்சி ஒன்றை வகுத்தார்கள். ஐம்பது ஆண்டுகள் ஆகியும் நாங்கள் அதைத்தான் அடித்தளமாக வைத்திருக்கிறோம். முதல் வேலை, கையைப் பாதி வழியிலேயே பிடிக்கப் பழகுவது. ஒரு வாரம் கடிப்பதை நிறுத்தவே வேண்டாம், கவனித்தால் போதும் என்று சொல்வேன். வெறுமனே கவனிப்பதிலேயே சிலருக்குப் பாதி குறைந்துவிடுகிறது. இரண்டாவது, கைக்கு மாற்று வேலை கொடுப்பது. கட்டைவிரல் தேட ஆரம்பித்ததும் இரண்டு கையையும் மெதுவாக மூடி ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். மூடிய கையால் நகம் கடிக்க முடியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. உந்துதல் அலை மாதிரி, ஏறும், பிறகு தானாக இறங்கிவிடும்.

கையை மூடுவது பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஜெர்மன் ஆய்வாளர்கள் 268 பேரை வைத்துச் செய்து 2023-இல் வெளியிட்டது. கடிக்கத் தோன்றும்போது விரல் நுனிகளை ஒன்றோடொன்று இதமாகத் தேய்க்க வேண்டும், அல்லது உள்ளங்கையையோ கையின் பின்புறத்தையோ வருடிக்கொடுக்க வேண்டும். ஆறு வாரத்தில் பயிற்சி செய்தவர்களில் 53 சதவீதம் பேருக்கு ஓரளவாவது முன்னேற்றம் தெரிந்தது, பயிற்சி தொடங்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்குத்தான். முடி பிடுங்குபவர்களும் தோல் உரிப்பவர்களும் அதில் இருந்தார்கள், ஆனால் நகம் கடிப்பவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. எல்லோருக்கும் சரியாகிவிட்டது என்று நான் இதைப் படிக்கவில்லை. செலவில்லாத, உபத்திரவம் இல்லாத ஒன்றை முயன்று பார்க்கலாம் என்றுதான் படிக்கிறேன்.

கசப்பு நகப்பூச்சு பற்றிக் கேட்காதவர்களே இல்லை. அதில் இருக்கும் டினட்டோனியம் என்ற பொருள் 1958-இல் ஸ்காட்லாந்தில் மரத்துப்போகச் செய்யும் மருந்து ஒன்றை ஆராய்ந்தபோது தற்செயலாகக் கிடைத்தது. துளியில் துளி இருந்தாலும் நாக்கு சுருண்டுவிடும். அதைத் தண்டனையாக நினைத்தால் பலிக்காது, ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும் அல்லது ஆள் பூசுவதை நிறுத்திவிடுவார். அழைப்பு மணியாக நினைத்தால் உதவும்: ‘கை வந்துவிட்டது, பார்’ என்று சொல்கிற மணி. பெரியவர்கள் தாங்களே விரும்பிப் பூசிக்கொள்ளலாம். தூங்கும் குழந்தையின் விரலில் ரகசியமாகப் பூசாதீர்கள்.

என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது ஒரு சாதாரணப் பொருள், நகம் தேய்க்கும் சின்ன அரம். சட்டைப் பையில் ஒன்று, வேலை செய்யும் மேசையில் ஒன்று. கட்டைவிரல் பிசிறைக் கண்டுபிடித்ததும் அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு. தேடிய விரலுக்குக் கேட்டது கிடைத்துவிடுகிறது, வாய்க்கு வேலையில்லை. தினமும் இரவில் நக ஓரங்களில் கொஞ்சம் எண்ணெயோ களிம்போ தடவினால் தோலும் உரியாது. தேடுவதற்கே ஒன்றும் இருக்காது.

பத்து விரலையும் ஒரே நாளில் காப்பாற்ற நினைக்க வேண்டாம். ஒரு விரலைத் தேர்ந்தெடுத்து அதைக் கடிப்பதில்லை என்று முடிவு செய்யுங்கள், மற்ற ஒன்பதும் எப்படியோ போகட்டும். அந்த ஒன்று வளர்ந்து நிற்பதைப் பார்த்த பிறகு இரண்டாவது. நடுவில் ஒரு கெட்ட நாள் வந்து எல்லாவற்றையும் கடித்துவிட்டால், அன்று என்ன நடந்தது என்று எழுதிவைத்துவிட்டு மறுநாள் தொடருங்கள். சீழ் வைத்தாலோ, விரல் சிவந்து வீங்கினாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். கையை மறைப்பதற்காகவே ஆட்களைத் தவிர்க்கிறீர்கள், அல்லது நகத்தோடு முடி, தோல் என்றும் கை போகிறது என்றால் மனநல நிபுணரிடம் பேசுங்கள். இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. பயிற்சிதான் மருந்து. கூடவே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தால் அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு.

தணிக்கையாளர் இடது சுண்டுவிரலில் ஆரம்பித்தார். ஐந்தாவது மாதம் வந்தபோது ஒன்பது விரலில் நகம் இருந்தது. வலது கட்டைவிரல் மட்டும் இன்னும் மொட்டைதான், அதை அவரே முந்திக்கொண்டு நீட்டிக் காட்டினார். பேசி முடித்துக் கிளம்பும்போது பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அலுவலகத்தில் புதிதாக ஒரு சாவி கொடுத்திருக்கிறார்களாம். இதுவரை அந்த இரும்பு வளையத்தைப் பிரிக்க மனைவியிடம்தான் கொடுப்பாராம், நகம் இல்லாத விரலால் அது முடியாதே. என் மேசைமேல் வைத்து இடது கை ஆள்காட்டி விரல் நகத்தை வளையத்தின் இடுக்கில் செருகினார். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை திறந்துகொண்டது. சாவியை உள்ளே தள்ளி முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, நகம் உடைந்ததா என்று தூக்கிப் பார்த்தார். நுனியில் லேசாக ஒரு பிசிறு. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சட்டைப் பையில் அரத்தைத் தேட ஆரம்பித்தார்.