பழைய மேப் பட்டா ஆகாது

மறுபடியும் அதே தகராறு. கோத்தகிரிப் பக்கம் எல்லைச் சண்டை. ஒரு தரப்பு வெள்ளைக்காரர் காலத்து டோப்போ ஷீட்டை (மலை, ஆறு, ஊர் காட்டும் நிலவரைபடம்) லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்து நீட்டுகிறது. "இதுல அங்க ஊரே இல்ல சார், அப்போ அது காலி இடம்தானே?" நில அளவைத் தொழிலில் நான் அதிகம் கேட்டுச் சலித்த கேள்வி இதுதான்.

காலி இடம் இல்லை ஐயா! 1812-ல் நீலகிரிக்கு வந்த வில்லியம் கீஸும், 1821-22-ல் மலையை அளந்த கேப்டன் வார்டும் யாருடைய வேலியையும் அளக்க வரவில்லை. முகடு, ஆறு, பாதை, ஊர் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதுதான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியிருந்தது. படகர்களின் ஊரான ஹட்டி வரிசை வீடுகளாக இருக்கும், தூரத்திலேயே தெரியும். தோடர்களின் குடியிருப்பான மந்து அப்படியல்ல. சில குடிசைகள், ஓர் எருமைத் தொழுவம், அவ்வளவுதான். மேய்ச்சலுக்காக ஒரு பருவம் பூட்டிவிட்டுப் போய், அடுத்த பருவம் திரும்பி வருகிற மந்துகளும் உண்டு. ஆள் இல்லாத நாளில் அளந்தவர் கண்ணில் படாதது, இல்லாததாகிவிடுமா?

அளவையும் பாருங்கள். ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய ஷீட்டில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் சுமார் 32 மீட்டர். பேனா முனையால் ஒரு புள்ளி வைத்தால் அதற்குள் சுமார் 20 சென்ட் போய்விடும். நீங்கள் சண்டை போடுவதோ மூன்று சென்ட்டுக்கு. எல்லைக்குப் புலப்படம் (சர்வே எண்ணுக்கு உரிய அளவு வரைபடம்), அ-பதிவேடு (நிலத்தின் பரப்பு, வகை, உரிமையாளர் எழுதிய வருவாய்த்துறைப் பதிவேடு), பட்டா இவைதான் பேசும்.

அந்த ஷீட்டை வேறு ஒன்றுக்குப் பயன்படுத்துங்கள்: ஓடையும் சதுப்பும் பார்க்க. மனை விற்பவர் மண் கொட்டி மூடிய வாய்க்கால் அதில் நீலக் கோடாக இருக்கும். 1978-லும் 2009-லும் இந்த மலை எப்படிச் சரிந்தது என்று இங்குள்ள பெரியவர்களைக் கேளுங்கள். தண்ணீர் போகிற வழியை அடைத்துவிட்டு மேலே மூன்று மாடி எழுப்பாதீர்கள், தயவுசெய்து.

முன்பணம் கொடுக்கும் முன் சர்வே எண்ணோடு தாலுகா அலுவலகம் போங்கள். எல்லைக்கல் இருக்கிறதா என்று நில அளவரை வைத்துப் பாருங்கள். ஐப்பசி மழையில் ஒரு தடவை அந்த மனையில் போய் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள்.