"முதுமையால் இறந்தது" என்று எழுதுமுன்: வயதான ஆய்வக எலிகளில் தானாக வரும் கட்டிகள்

கூண்டு அட்டையில் "முதுமையால் இறந்தது" என்று எழுதப்படும் சுண்டெலிகள் பலவற்றை அறுத்துப் பார்த்தால் உள்ளே புற்றுக்கட்டி இருக்கும். எந்த மருந்தும் கொடுக்காத எலிகளிலும் 18 மாதத்துக்கு மேல் இது சகஜம். பதியாமல் விட்டால், மருந்தால் வந்த கட்டி எது, தானாக வந்தது எது என்று பிறகு பிரிக்கவே முடியாது. அதைவிட முக்கியம், ஓர் உயிர் கவனிப்பாரில்லாமல் பல நாள் வேதனைப்பட்டிருக்கும்.

எந்தக் கட்டி வரும் என்பது ஸ்ட்ரெய்னைப் (ஆய்வக எலியின் மரபு வகையை) பொறுத்தது. பிளாக் 6 (C57BL/6) ஸ்ட்ரெய்னில் நிணநீர்ப் புற்று, ஹிஸ்டியோசைட்டிக் சார்கோமா (ஒருவகை நோயெதிர்ப்புச் செல்களில் வரும் புற்று), வயதான பெண் எலிகளில் பிட்யூட்டரி (மூளையின் அடியில் உள்ள சிறு சுரப்பி) கட்டி. ஏ/ஜே-யில் நுரையீரல், சி3எச் ஆண்களில் கல்லீரல். ஏகேஆர் முதுமைவரை காத்திருப்பதில்லை. பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் நிணநீர்ப் புற்று வந்துவிடும். நெஞ்சை அடைத்து மூச்சு திணறும் அந்த எலியைப் பிடரியில் இறுக்கிப் பிடித்தால் கையிலேயே இறந்துபோகலாம்.

ஓராண்டு தாண்டியதும் வாரம் ஒருமுறை எடை பாருங்கள், வயிற்றைத் தடவியும் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருபுறமும் இருக்க, விலாவிலிருந்து இடுப்புவரை மெதுவாக நகர்த்துங்கள். இடது விலாவுக்குக் கீழே நாக்குப் போல நீண்டு கெட்டியாகத் தட்டுப்பட்டால் அது வீங்கிய மண்ணீரலாக இருக்கலாம். எடையை மட்டும் நம்ப வேண்டாம். சதை கரையக் கரையக் கட்டியும் வயிற்றுநீரும் அந்த இடத்தை நிரப்பிவிடும், தராசில் எண் மாறாது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் விரலுக்குத் துருத்தித் தெரிந்தால், அதாவது 5-க்கு 2 அல்லது அதற்கும் கீழான உடல்நிலை மதிப்பெண் என்றால், அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

பெண் எலிக்குப் பால்சுரப்பித் திசு கழுத்திலிருந்து தொடை இடுக்குவரை, பக்கவாட்டிலும் பரவியிருக்கிறது. அதனால் தோளருகே உள்ள வீக்கம்கூட மார்பகக் கட்டியாக இருக்கலாம். ஆண்களில் நிலைமை வேறு: சண்டைக் கடியால் வந்த சீழ்க்கட்டி, வீங்கிய முன்தோல் சுரப்பி, முதுமையில் பெருத்த விந்துப்பை ஆகியவை புற்றுபோல ஏமாற்றும்.

கட்டி புண்ணாகி உடைதல், நடக்கவோ தின்னவோ முடியாமை, மூச்சுத்திணறல், நெறிமுறைக் குழு அனுமதித்த அளவை எட்டுதல்: இவற்றில் ஒன்று வந்தாலும் கருணைக்கொலைதான், தள்ளிப்போடக் கூடாது. முதுமை ஆய்வுகளுக்கான விண்ணப்பத்திலேயே இந்த வரம்புகளை எழுதிவிடுங்கள். கட்டி வரும் என்பது முன்பே தெரிந்த விஷயம்தானே.

இறந்த எலியைக் கூட்டாளிகள் கடித்துத் தின்னும். காலை, மாலை இருவேளையும் கூண்டைப் பாருங்கள். அறுத்துப் பார்க்கும்வரை உடலை 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வையுங்கள், உறைய வைக்காதீர்கள். பனிப் படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். திசுவை 5 மி.மீ.க்கு மேல் தடிமன் இல்லாமல் நறுக்கி, அதன் கன அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு 10% நடுநிலை ஃபார்மலினில் (திசு அழுகாமல் பதப்படுத்தும் திரவம்) போடுங்கள். நுரையீரலுக்கு மூச்சுக்குழல் வழியாக ஃபார்மலின் செலுத்தி விரிக்க வேண்டும், சுருங்கிய நுரையீரலில் சிறு கட்டிகள் மறைந்துபோகும். மூளையைத் தூக்கும்போது பிட்யூட்டரி மண்டையோட்டின் அடித்தளத்திலேயே தங்கிவிடும். அதைக் கிள்ளி எடுக்காமல் எலும்போடு சேர்த்தே ஃபார்மலினில் போடுங்கள்.