குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமா? தமிழ்நாட்டில் அரசு தரும் இலவச உதவியைப் பெறும் வழி

இரண்டு வயது தாண்டியும் குழந்தை பேசவில்லை என்றால் வீட்டில் முதலில் கிடைப்பது ஆறுதல்தான். "இவன் அப்பாவே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்", "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்", "வசம்பை உரசி நாக்குல தடவு, தானா வரும்". அன்பில் சொல்வதுதான். ஆனால் அந்த ஆறுதலிலேயே ஒரு வருடம் ஓடிவிடுகிறது. குழந்தையின் மூளை மொழியை வேகமாகப் பிடித்துக்கொள்ளும் காலமே முதல் மூன்று, நான்கு வருடங்கள்தான். அதில் ஒரு வருடம் என்பது சின்ன இழப்பு இல்லை.

தாமதமாகப் பேச ஆரம்பித்துப் பிறகு சரியாகிவிடும் குழந்தைகள் நிறைய உண்டு. உங்கள் குழந்தை அப்படித்தானா என்பது வீட்டில் காத்திருந்து தெரிகிற விஷயம் இல்லை, பரிசோதித்தால்தான் தெரியும். அந்தப் பரிசோதனையும் அதற்குப் பிறகான பயிற்சியும் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றுத்திறனாளி சான்றிதழ் எதுவும் முன்கூட்டித் தேவையில்லை. இது பல பெற்றோருக்குத் தெரியாததால் நகைக்கடனில் தனியார் பயிற்சிக்குப் போகிறார்கள், அல்லது எங்கும் போகாமலே இருந்துவிடுகிறார்கள்.

எப்போது போக வேண்டும்?

ஒரு வயதில் மழலைச் சத்தமே இல்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒன்றரை வயதில் 'அம்மா', 'தா', 'காக்கா' போல ஒரு சொல்கூட அர்த்தத்தோடு வரவில்லை. இரண்டு வயதில் 'பால் தா', 'அப்பா வா' என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் போய்க் காட்டுங்கள். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை விட்டுவிட்டால் எந்த வயதானாலும் உடனே போக வேண்டும். பிரசவத்தின்போது கொடுத்த தாய்-சேய் நல அட்டையிலும் வயதுக்கேற்ற வளர்ச்சிப் படிகள் படத்தோடு இருக்கின்றன. தடுப்பூசிப் பக்கத்தோடு மூடி வைத்துவிடாமல் அதையும் புரட்டிப் பாருங்கள்.

எந்தத் திட்டம், எங்கே போவது?

ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம், சுருக்கமாக ஆர்.பி.எஸ்.கே. 2013-இல் மத்திய அரசு தொடங்கியது, மாநிலச் சுகாதாரத் துறை நடத்துகிறது. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பிறந்ததிலிருந்து 18 வயது வரை கண்டுபிடித்துச் சிகிச்சை தருவதுதான் நோக்கம். பேச்சுத் தாமதமும் காது கேளாமையும் இதன் பட்டியலிலேயே இருக்கின்றன. டாக்டர், செவிலியர், மருந்தாளுநர் அடங்கிய நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வர வேண்டும். உங்கள் ஊருக்கு எப்போது வருகிறார்கள் என்று அங்கன்வாடி டீச்சரையோ கிராம சுகாதார செவிலியரையோ கேளுங்கள்.

வேன் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தை தனியார் பிளே ஸ்கூலுக்குப் போனாலும், எங்கேயும் போகாமல் வீட்டில் இருந்தாலும், நேரே மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்குக் கூட்டிப் போகலாம். மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்றுதான் சொல்வார்கள். பொதுவாக மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். குழந்தைகள் நலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுக்கொண்டு கேட்டால் வழி சொல்வார்கள். குழந்தை டாக்டர், காது மற்றும் பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், பிசியோதெரபிஸ்ட், சிறப்புக் கல்வியாளர் எல்லாரும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த மையத்தின் ஏற்பாடு.

முதலில் காது

குழந்தை பேசாததற்குக் காரணம் பல நேரம் காதாக இருக்கும். கதவைத் தட்டினால் திரும்புகிறது, டிவி பாட்டுக்கு ஆடுகிறது, அதனால் காது நன்றாகத்தான் கேட்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கனமான சத்தம் கேட்டும், 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டினாலும் கேட்பது மங்கும். அது மருந்திலோ சிறு சிகிச்சையிலோ சரியாகக்கூடியது.

இரண்டு பரிசோதனைகள் செய்வார்கள். ஓ.ஏ.இ. என்பதில் சின்ன ரப்பர் முனையைக் காதுக்குள் வைத்து எடுப்பார்கள். வலிக்காது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். பெரா என்பது கொஞ்சம் நேரம் எடுக்கும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயரை ஒட்டி, சத்தத்துக்கு மூளை நரம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்ப்பார்கள். அதற்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். இங்கேதான் பாதிப் பேருக்கு அலைச்சல். பஸ்ஸில் வரும்போதே குழந்தை நன்றாகத் தூங்கிவிடும், மேஜையில் படுக்க வைத்ததும் எழுந்து வீரிடும், இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். முந்தைய இரவு கொஞ்சம் தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் எப்படியாவது பேச்சுக் கொடுத்து விழித்திருக்கச் செய்யுங்கள். பாலை அறைக்குள் போன பிறகு கொடுங்கள். அப்போதும் தூங்காவிட்டால் டாக்டர் மருந்து தருவார். நீங்களாக எதையும் கொடுக்க வேண்டாம்.

காது கேட்கவில்லை என்று உறுதியானால் காதொலிக் கருவி இலவசமாகக் கிடைக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகவும், மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டம் வழியாகவும் தருகிறார்கள். கருவி போதாத அளவுக்குக் குறைபாடு இருந்தால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது கேட்கும் நரம்பைத் தூண்டும் கருவியை உள்காதில் பொருத்தும் அறுவை சிகிச்சை. லட்சக்கணக்கில் ஆகும் இந்தச் சிகிச்சை, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான திட்டம் அது. வயது வரம்பு இருப்பதால்தான் 'இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்' என்பது இங்கே ஆபத்தாகிறது. ஐந்தரை வயதில் கண்டுபிடித்தால் பரிசோதனைகளுக்கும் அனுமதிக்கும் போக மிச்சமிருக்கும் நேரம் கொஞ்சம்தான். அறுவை சிகிச்சையோடும் முடிவதில்லை. கேட்கவும் பேசவும் பழக்கும் பயிற்சி மாதக்கணக்கில் தொடர வேண்டும்.

காது நன்றாக இருந்தால்?

அப்போது வளர்ச்சி மதிப்பீடு. ஆட்டிசமா (பிறரோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடு), பொதுவான வளர்ச்சித் தாமதமா, பேச்சு மட்டும் பின்தங்கியதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒரே சந்திப்பில் முடியாது. இன்ன குறைபாடு என்று பெயர் வைத்துச் சொல்லும்வரை பயிற்சிக்குக் காத்திருக்கவும் தேவையில்லை.

பயிற்சி என்பது மையத்தில் நடக்கும் அரை மணி நேரம் மட்டும் இல்லை. அங்கே செய்வதை வீட்டில் செய்யக் கற்றுக்கொண்டு வருவதுதான் முக்கியம். பயிற்சியாளர் பந்தைத் தன் வாய்க்கு அருகே பிடித்து, குழந்தை முகத்தைப் பார்க்கும்வரை காத்திருந்து, 'பந்து' என்று சொல்லிக் கொடுப்பார். அதையே நீங்கள் குளிப்பாட்டும்போது 'தண்ணி', 'ஊத்து', 'போதும்' என்று செய்யலாம். கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிடாமல் சில நொடி பொறுத்துப் பார்க்கலாம். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். ஆனால் செல்போன் கொடுத்ததால்தான் இப்படி என்று அம்மா தலையில் பழி போடுவதை நிறுத்த வேண்டும். காது கேளாமையும் ஆட்டிசமும் அம்மா கொடுத்த போனால் வருவதில்லை. அந்தப் பழிக்குப் பயந்தே மருத்துவமனைக்கு வரத் தயங்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

சான்றிதழ் எடுக்கலாமா?

பேச்சுத் தாமதம் மட்டும் சட்டப்படி மாற்றுத்திறன் ஆகாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' உண்டு, ஆனால் அது நிரந்தரமான குறைபாட்டுக்கு. காது கேளாமை, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு என்று உறுதியானால்தான் யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பற்றிய பேச்சு. சின்னக் குழந்தைக்குத் தற்காலிகமாகவே தருவார்கள், பிறகு மறுபடி மதிப்பிடுவார்கள். அதனால் வாழ்நாள் முத்திரை விழுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். உதவித்தொகை, பஸ் சலுகை, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடு போன்றவற்றைக் கேட்க அந்த அட்டை வேண்டும்.

பேசவில்லை என்பதற்காக அங்கன்வாடியிலோ பள்ளியிலோ சேர்க்க மறுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாற்றுத்திறன் உள்ள குழந்தையைப் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு. ஒன்றியத்திலுள்ள வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்குப் பள்ளியில் சேராத குழந்தையையும் கூட்டிப் போகலாம்.

மாவட்ட மையத்தில் கூட்டம் அதிகம், பயிற்சிக்கு மாதம் ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் மற்ற இடங்களையும் சேர்த்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்தும் ஆரம்ப நிலைப் பயிற்சி மையங்கள் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கானவை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கிறது. அம்மாவும் குழந்தையும் போகச் சாதாரண நகரப் பேருந்து என்றால் அம்மாவுக்குக் கட்டணம் இல்லை.

எங்கே போனாலும் ஓ.பி. சீட்டு, பரிசோதனை முடிவு, பயிற்சிக்குப் போன தேதி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். அலைக்கழித்தால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அந்தச் சீட்டுகளின் நகலோடு மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.