‘அடையாளம்’ இருக்கத் ‘தனித்துவம்’ எதற்கு?

குழந்தை உரிமை பற்றிய கையேடு ஒன்றின் தமிழ் வரைவு சரிபார்க்க வந்தது. "ஒவ்வொரு குழந்தைக்கும் தன் தனித்துவத்தைப் பேணும் உரிமை உண்டு" என்று ஒரு வரி. பண்பாட்டுத் தனித்துவம், இனத் தனித்துவம், மொழித் தனித்துவம் என்று இதே சொல்லை இதே இடத்தில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மூலத்தில் இருப்பது ஐடென்டிட்டி. அதற்குத் தமிழ் அடையாளம்.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலத்தீனில் ‘இடெம்’ என்றால் ‘அதே’. ஆக, அதுவாகவே இருப்பது என்பதுதான் அடிப்படைப் பொருள். கணக்கில் இதே ஐடென்டிட்டியை முற்றொருமை என்கிறோம், அங்கே பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். மனிதர்களைப் பற்றி இன்று நாம் புழங்கும் பொருள் பரவியது 20ஆம் நூற்றாண்டின் நடுவில், உளவியலாளர் எரிக் எரிக்சன் போன்றவர்களால்.

தனித்துவமோ நேர் எதிர்த்திசையில் போகிற சொல். மற்ற எதிலும் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தால் அது தனித்துவம். தமிழ்ச் சொல்லான ‘தனி’யில் ‘துவம்’ என்ற வடமொழி விகுதியை ஒட்டியிருக்கிறார்கள் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை; ‘தனித்தன்மை’ என்று போட்டாலும் இந்த இடத்தில் பிழை பிழைதான். ஒருவர் தன்னை ஒரு மொழியினர், ஒரு சமயத்தவர், ஒரு தொழில் செய்பவர் என்று சொல்லும்போது, தன்னைப் போன்ற இலட்சம் பேரோடு தன்னைச் சேர்த்துத்தானே சொல்கிறார்? இதில் தனி எங்கே வந்தது?

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. 1992இல் ஐ.நா. நிறைவேற்றிய சிறுபான்மையினர் பிரகடனம், அவர்களின் இன, பண்பாட்டு, சமய, மொழி அடையாளத்தை அரசுகள் காக்க வேண்டும் என்கிறது. அங்கே தனித்துவம் என்று எழுதிப் பாருங்கள், உடனே ஒரு நிபந்தனை முளைத்துவிடுகிறது. நீ மற்றவரிலிருந்து எப்படி வேறுபட்டவன் என்று காட்டு, அப்புறம் உரிமை தருகிறோம் என்பது போல. பெரும்பான்மை மொழியைச் சரளமாகப் பேசுகிறவர், எல்லாரும் உடுத்துவதையே உடுத்துகிறவர், தன் சமூகத்துச் சடங்குகளை விட்டுவிட்டவர், இவர்களெல்லாம் தனித்துவத்தை இழந்தவர்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அடையாளத்தை இழந்தவர்கள் என்று அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது. பிரகடனம் யாரையும் வித்தியாசமாக இருந்து காட்டச் சொல்லவில்லை.

கையேட்டு வரிக்கே வருகிறேன். அது 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 8ஆவது உறுப்பு. அது உருவானதற்குப் பின்னால் அர்ஜென்டினா இருக்கிறது. 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் சிறைப்பட்ட பெண்கள் பெற்ற பிள்ளைகளைப் பறித்து, பொய்ப் பெயரில் வேறு குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பாட்டிகள் சேர்ந்து அமைத்த ‘பிளாசா டே மாயோ பாட்டிமார்கள்’ என்ற அமைப்பினர் பேரப்பிள்ளைகளைத் தேடி அலைந்து, மரபணுச் சோதனை வரை கொண்டுவந்து, 130க்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடித்தார்கள். இந்த உறுப்பு உடன்படிக்கையில் இடம்பெறப் பாடுபட்டதும் அவர்கள்தான். அந்தப் பிள்ளைகள் இழந்தது தனித்துவத்தையா? பெயரை, பெற்றவர்களை, தான் யார் என்பதையே இழந்தார்கள். இதைப் படித்துவிட்டும் ஒருவர் ‘தனித்துவம்’ என்று எழுதினால், அவர் பொருளைப் பார்க்கவில்லை, கைக்கு வந்த சொல்லைப் போட்டிருக்கிறார் என்றுதான் நினைப்பேன்.

அடையாளம் வெறும் வெளிக்குறிதானே, ‘அடையாள வேலைநிறுத்தம்’ என்பதில் ஒப்புக்குச் செய்வது என்றுதானே பொருள் என்று மறுப்பவர்கள் உண்டு. அது அந்தச் சொல்லின் ஒரு கிளை, அவ்வளவுதான். பெரியாழ்வார் பாடலில் அனுமன் சீதையின் முன் நின்று, மல்லிகை மாலையால் நீ அவனைக் கட்டினாயே, அதுவும் ‘ஓர் அடையாளம்’ என்கிறான். இருவருக்கு மட்டுமே தெரிந்த நினைவு அது. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கடைசியில்தான் ‘ஈது அவன் கை மோதிரமே’ என்று பொருளை நீட்டுகிறான். ஒருவரை இன்னார் என்று இன்னொருவர் அறிந்துகொள்வது என்ற முழுப்பொருளும் அந்தச் சொல்லில் அப்போதே இருக்கிறது.

அடையாளத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு, அதையும் இந்தச் சொல் மறைப்பதில்லை. ருவாண்டாவில் பெல்ஜிய ஆட்சி 1930களில் கொடுத்த அடையாள அட்டைகளில் ஹூட்டு, டுட்சி, ட்வா என்று பிரிவை எழுதினார்கள். 1994 இனப்படுகொலையில் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துக் கொன்றார்கள். பிறர் நம்மேல் குத்தும் முத்திரையும் அடையாளம்தான். அதனால்தான் 2007ஆம் ஆண்டின் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம், தம் அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று 33ஆவது உறுப்பில் தனியாகச் சொல்கிறது. தனித்துவம் என்று எழுதினால் இந்த வரிக்கு என்ன தேவை இருந்தது என்பதே படிப்பவருக்குப் புரியாது.

தனித்துவம் கெட்ட சொல் அல்ல. ஒரு பாடகரின் குரலுக்கு, ஓர் ஓவியரின் கோட்டுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை, அங்கே இருக்கட்டும். மொழிபெயர்ப்பவர்கள் கனமாக ஒலிக்கும் சொல்லைத் தேடாமல், யாருக்கு எது பறிபோனது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

வரைவில் எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன். அதே வரியில் குழந்தையின் நாட்டுரிமையைத் ‘தேசியம்’ என்று எழுதியிருந்ததையும் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.