கடற்பசுப் பாதுகாப்பகம்: மீனவர்களுக்கு எது மாறும், எது மாறாது

பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டிய கடல் அது. கடற்பசுவுக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் பாதுகாப்பகம் இதுதான்.

கடற்பசு என்பது கடற்புல் மேயும் பாலூட்டி. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அதை வேட்டையாட ஏற்கெனவே தடை உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. அப்புறம் எதற்குப் புதிய அறிவிப்பு? வேட்டையை நிறுத்தினால் மட்டும் அந்த விலங்கு பிழைக்காது என்பதால்தான். வளர்ந்த ஆவுளியா ஒரு நாளைக்கு சுமார் 40 கிலோ கடற்புல் தின்னும். வெயில் தரை வரை இறங்கும் ஆழம் குறைந்த கடலில்தான் அந்தப் புல் வளரும். தரையை உரசிப் போகும் இழுவலை புல்லை வேரோடு பெயர்க்கிறது. கிளம்பும் சேறு வெளிச்சத்தை மறைக்க, மிஞ்சிய புல்லும் நலிகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி ஈனும் விலங்குக்கு அந்த இழப்பை ஈடுசெய்வது கடினம். இறால், நண்டு, மீன் குஞ்சுகள் வளர்வதும் அதே புல்வெளியில்தான். ஆகவே புல்லைக் காப்பது மீனவர் பிழைப்பையும் காப்பதாகும்.

சரி, கடலுக்குப் போகத் தடை வருமா? வராது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36அ பிரிவில் வரும் பாதுகாப்பகம், சரணாலயம் அல்ல. அரசுக்குச் சொந்தமான இடத்தை மட்டுமே இப்படி அறிவிக்கலாம். அதற்கு முன் உள்ளூர் மக்களிடம் கலந்து பேசியாக வேண்டும். அங்கே வாழ்பவர்களின் உரிமைகளை அறிவிப்பு பறிக்கக் கூடாது. நாட்டுப்படகில் மீன் பிடிப்பது தொடரலாம். வேட்டையும், உயிரினங்களுக்குக் கேடு செய்யும் ரசாயனமும் வெடியும் கூடாது.

விசைப்படகு இழுவலையைத் தடுக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-இன்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது. இந்த விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தாவிட்டால் பாதுகாப்பகம் காகிதத்தில்தான் இருக்கும் என்பது என் கருத்து.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்றும் இதில் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆ பிரிவின்படி பாதுகாப்பகத்துக்கு ஒரு மேலாண்மைக் குழு வேண்டும். பாதுகாப்பகம் அமைந்த ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் அதில் ஒரு பிரதிநிதி உண்டு. புல்வெளி எங்கே அழிகிறது, எந்தப் பக்கம் ஆவுளியா மேய்கிறது என்று அன்றாடம் பார்ப்பவர் அந்த இடத்தில் உட்கார வேண்டும். உங்கள் ஊராட்சியின் பிரதிநிதி யார் என்று கிராம சபையில் கேளுங்கள்.

வலையில் ஆவுளியா சிக்கினால் வலையை அறுத்தாவது உடனே விட்டுவிடுங்கள். மூச்சுக்கு மேலே வர முடியாவிட்டால் அது இறந்துவிடும். பிறகு வனத்துறைக்குச் சொல்லுங்கள். இப்படி உயிரோடு விட்ட மீனவர்களுக்கு அத்துறை ஊக்கத்தொகை கொடுத்திருக்கிறது.